குடல் ஓட்டையாகும்வரை காத்திருக்க வேண்டாம்

பெறுநர்: சென்னையிலும் திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களிலும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளையும் குழந்தைகள் அவசரப் பிரிவுகளையும் நடத்தும் பொறுப்பு மருத்துவர்கள்; அங்கே இரவுப் பணி பார்க்கும் டாக்டர்கள்; எக்ஸ்ரே, ஸ்கேன் பிரிவினர்.

வணக்கம்.

குழந்தையின் வயிற்று எக்ஸ்ரேயைப் பார்த்த கையோடு கேஸ் ஷீட்டில் எழுதப்படும் குறிப்பு பெரும்பாலும் ஒரே வரிதான்: 'ஃப்ரீ ஏர் இல்லை', அதாவது குடலுக்கு வெளியே கசிந்த காற்று இல்லை. எழுதியவர் கண்ணில் பட்டதைத்தான் எழுதுகிறார். படிப்பவரோ 'குடலுக்கு ஒன்றுமில்லை' என்று எடுத்துக்கொள்கிறார். சர்ஜனுக்கு உடனே போக வேண்டிய போன், காலை ரவுண்ட்ஸ் வரை தள்ளிப்போகிறது. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

குடலுக்கு வெளியே காற்று தெரிந்தால், பெரும்பாலும் குடல் சுவரின் ஒரு பகுதி செத்துக் கிழிந்தும்விட்டது என்று அர்த்தம். நாம் பிடிக்க வேண்டியது அதற்கு முந்தைய கட்டம்: ரத்த ஓட்டம் நின்றுவிட்டது, சுவர் இன்னும் கிழியவில்லை. செத்த குடல் உடனே கிழிவதில்லை. கிழிந்த குடலும் எப்போதும் காற்றைக் காட்டிக்கொடுப்பதில்லை. பக்கத்துக் குடல் ஒட்டி ஓட்டையை அடைத்துக்கொள்ளலாம், உள்ளே நீர் மட்டும் இருந்தால் கசிவதும் நீராகவே இருக்கலாம். 'ஃப்ரீ ஏர் இல்லை' என்பது பாதிக் கேள்விக்குத்தான் பதில்.

நெக் என்று வார்டில் சுருக்கிச் சொல்லும் குடல் அழுகல் நோயிலிருந்து தொடங்குகிறோம். இது பெரும்பாலும் 32 வாரத்துக்கு முன் பிறந்த, 1500 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு, பால் அளவு கூடிவரும் இரண்டாவது மூன்றாவது வாரத்தில் வருகிறது. இதயக் கோளாறோடு பிறந்த முழுமாதக் குழந்தைக்கும் வரலாம். 'நிறைமாதக் குழந்தைதானே' என்று விட்டுவிடக் கூடாது.

சந்தேகம் வந்ததும் எடுக்க வேண்டியது இரண்டு படம். மல்லாக்கப் படுக்கவைத்து ஒன்று. இடப்பக்கம் கீழே, வலப்பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்து, கதிர் தரைக்கு இணையாகப் பாயும்படி இன்னொன்று. வலப்பக்கம் மேலே இருப்பதில்தான் விஷயம் இருக்கிறது: வெளியேறிய காற்று ஈரலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவில் போய் நிற்கும், அங்கே குழப்புவதற்குக் குடல் கிடையாது. திருப்பிப் படுக்கவைத்தால் இரைப்பைக் காற்றோடு கலந்து ஒன்றும் புரியாது. நடைமுறையில் அதிகம் கெடுவது பொறுமையில்தான். குழந்தையை ஒருக்களித்த பிறகு 5 முதல் 10 நிமிடம் விட வேண்டும். காற்று மேலே ஏற அவ்வளவு நேரம் பிடிக்கும். இரவில் டெக்னீஷியன் ஒருவரே மூன்று வார்டு பார்க்கும்போது இந்தப் பத்து நிமிடம்தான் முதலில் வெட்டுப்படுகிறது. ஆகவே வார்டு சிஸ்டரே குழந்தையை ஒருக்களித்து வைத்துவிட்டு, பிறகு டெக்னீஷியனைக் கூப்பிடட்டும். வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையைத் திருப்பவே முடியாது என்றால் மல்லாக்க வைத்தபடியே பக்கவாட்டிலிருந்து கதிரைப் பாய்ச்சி எடுங்கள். முன்வயிற்றுச் சுவருக்கு அடியில் சின்ன முக்கோணமாகக் காற்று தெரியும்.

படத்தில் உதரவிதானம் முதல் தொடை இடுக்கு வரை எல்லாம் வர வேண்டும். நாப்பியை அவிழ்க்காமல் எடுத்த படத்தில் இடுக்கு வெட்டுப்பட்டுப் போவது சகஜம். அங்கே சிக்கிய குடலிறக்கம் ஒன்று அழுகிக்கொண்டிருந்தாலும் யாருக்கும் தெரியாது. பிறப்புறுப்புக்குக் கவசம் வைக்கும் பழக்கமும் வேண்டாம். அது இடுப்புக் குடலை மறைக்கிறது என்பதால் 2019-இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமே வழக்கமாக வைக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. ஈ.சி.ஜி. ஒயர்களை வயிற்றைவிட்டு ஒதுக்குங்கள். இன்குபேட்டர் மூடியில் உள்ள துளை படத்தில் கருப்பு வட்டமாக விழும், தோல் மடிப்பு நீளக் கோடாக விழும். இரண்டையும் காற்று என்று நினைத்தவர்கள் உண்டு. கோடு வயிற்றின் எல்லையைத் தாண்டி வெளியே நீண்டால் அது தோல்தான். படத்தில் தேதி மட்டும் போதாது, மணியும் வேண்டும்.

முதல் ஒன்றிரண்டு நாளுக்கு 6 முதல் 8 மணிநேரத்துக்கு ஒருமுறை படத்தைத் திரும்ப எடுக்க வேண்டும், குழந்தையின் நிலை மாறினால் அதற்கும் முன்பே. 'இத்தனை எக்ஸ்ரேயா' என்று பெற்றோர் தயங்குவது நியாயம். நன்றாக எடுத்த ஒரு படத்தின் கதிர்வீச்சு, சில நாள்களில் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நம் எல்லோர்மேலும் விழுவதற்குச் சமம் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

இனி படத்தில் என்ன பார்ப்பது. நலமான பச்சிளங்குழந்தையின் வயிற்றில் காற்று, கூழாங்கல் பதித்த தரைபோல, பல கோண வடிவத்தில் நெருக்கமாக எல்லாப் பக்கமும் பரவியிருக்கும். அந்த ஒழுங்கு குலைவதுதான் முதல் செய்தி. சில குடல் வளையங்கள் உருண்டு நீண்டு பெருத்துவிடும், சில இடம் காலியாகும், வலது கீழ்ப்பக்கம் ஒரு மாதிரி இருக்கும். மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் சிபேப்பில் இருக்கும் குழந்தைக்கும் வயிறு உப்பும். ஆனால் அங்கே எல்லா வளையமும் ஒரே அளவில் பெருத்திருக்கும், தொட்டால் வயிறு மெத்தென்றிருக்கும், அடுத்த படத்தில் அமைப்பு மாறியிருக்கும். எல்லாம் ஒருபோல் உப்பியிருப்பதைவிட ஒன்று மட்டும் தனியாக உப்பியிருப்பதற்குத்தான் நாங்கள் அதிகம் பயப்படுகிறோம்.

அந்த ஒன்று அசையாமல் நிற்கிறதா என்பது அடுத்த கேள்வி. உயிருள்ள குடல் நெளிந்துகொண்டே இருக்கும். எட்டு மணிநேரம் கழித்து எடுத்த படத்தில் அதே வளையம் அதே இடத்தில் அதே வடிவத்தில் நிற்கக் கூடாது. 24 முதல் 36 மணிநேரம் வரை ஒரு வளையம் மாறாமல் நின்றால் அந்தத் துண்டு செத்திருக்கலாம். தனித்தனியாகப் பார்க்கும் ஒவ்வொரு படமும் 'பரவாயில்லை' என்றுதான் தோன்றும். எல்லாப் படத்தையும் வரிசையாகத் திறந்து வைத்தால்தான் ஒரே வளையம் திரும்பத் திரும்ப வந்து நிற்பது கண்ணில் படும். ரிப்போர்ட் எழுதுபவருக்கு முந்தைய படங்களை அனுப்பாத பிரிவுகள் இந்த அடையாளத்தை முழுதாகவே இழக்கின்றன.

நேற்றுவரை காற்று இருந்தது, இன்று வயிறு வெள்ளையாக, காற்றே இல்லாமல் இருக்கிறது. ஆனால் வயிற்றுச் சுற்றளவு கூடியிருக்கிறது. இதைப் பார்த்து 'உப்பசம் குறைந்துவிட்டது' என்று எழுதுவது எங்களைப் பொறுத்தவரை மிக ஆபத்தான தவறு. காற்று போன இடத்தில் நீர் நிறைந்திருக்கிறது, குடலுக்குள்ளோ வெளியேயோ. அந்தக் குழந்தைக்கு உடனே அல்ட்ராசவுண்ட் வேண்டும்.

குடல் சுவருக்குள் காற்று புகுவதுதான் நெக்கை உறுதிசெய்யும் அடையாளம். அது இரண்டு மாதிரி தெரியும். குடலின் ஓரத்தை ஒட்டி வளைந்து ஓடும் மெல்லிய கருங்கோடு ஒன்று. அதில் சந்தேகம் குறைவு. மற்றது நுரைத்த குமிழ்கள். இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள், ஏனென்றால் மலமும் அப்படியே தெரியும். எங்கள் அளவுகோல் எளிது: சில நாளாகப் பால் நிறுத்தியிருக்கும், வயிறு உப்பிய குறைமாதக் குழந்தையின் வலது கீழ்வயிற்றில் 'மலம்போல' ஏதாவது தெரிந்தால், வேறொன்று என்று நிரூபணமாகும்வரை அது குடல் சுவர்க் காற்று.

ஈரலுக்குள் மரக்கிளையாகப் பிரிந்து ஓரம்வரை போகும் கருங்கோடுகள், குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையில் ஏறிய காற்று. பித்தக் குழாயில் இருக்கும் காற்று ஈரலின் நடுவிலேயே நின்றுவிடும். சிரைக் காற்று ஈரல் ஓரத்தை 2 செ.மீ. நெருங்கும். தொப்புள் சிரையில் குழாய் போட்ட கொஞ்ச நேரத்துக்குள் எடுத்த படத்தில் அந்தக் குழாய் வழியாகப் போன காற்றும் இப்படித் தெரியலாம். குழாய் போட்ட மணியைக் கேட்காமல் இதை எழுதக் கூடாது.

வெளிக்காற்றையும் (ஃப்ரீ ஏர்) மல்லாக்கப் படத்தில் பலர் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் உதரவிதானத்துக்குக் கீழே பிறைபோல வரும் என்று தேடுகிறார்கள். படுத்திருக்கும் குழந்தையில் அது அங்கே வராது. குடல் சுவரின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் கூர்மையாகத் தெரிகிறதா, மூன்று வளையம் சேரும் இடத்தில் கருப்பு முக்கோணம் இருக்கிறதா, ஈரல் மேலே வழக்கத்தைவிடக் கருப்பா, வலது மேல்வயிற்றில் ஈரலைத் தொங்கவிடும் தசைநார் செங்குத்துக் கோடாகத் தெரிகிறதா என்று பாருங்கள். காற்று மிக அதிகமானால் மொத்த வயிறும் ஒரு பெரிய கருப்பு நீள்வட்டமாகிவிடும்; அப்போது கண்டுபிடிக்க யாரும் தேவையில்லை.

டியூக் பல்கலைக்கழகத்தில் இந்த அடையாளங்களை வரிசைப்படுத்தி 2009-இல் ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். 0 முதல் 10 வரை போகும். அசையாத வளையம் 7, உறுதியான சுவர்க் காற்று 8, போர்ட்டல் சிரைக் காற்று 9, வெளிக்காற்று 10. அதை அச்சிட்டு எக்ஸ்ரே கணினிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். 'ஃப்ரீ ஏர் இல்லை' என்று எழுதும்போது பத்தாம் படியில் இல்லை என்று மட்டும்தான் சொல்கிறோம் என்பது அந்தத் தாளைப் பார்த்தாலே விளங்கும்.

ஆனால் எக்ஸ்ரே எவ்வளவு நன்றாக இருந்தாலும் ரத்த ஓட்டத்தைக் காட்டாது. ஸ்கேனில் ரத்தம் ஓடுவதை நிறமாக்கும் டாப்ளர் காட்டும். டொரன்டோவின் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து 2005-இல் வந்த ஆய்வில், கடுமையான நெக்கைக் கண்டுபிடிப்பதில் எக்ஸ்ரேயில் தெரிந்த வெளிக்காற்று 40 சதவீதம்தான் பிடித்தது. டாப்ளரில் ரத்த ஓட்டம் இல்லாமை எல்லாவற்றையும் பிடித்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் திசை தெளிவு. பெரும்பாலான பிரிவுகளில் எக்கோ பார்ப்பதற்காக ஒரு ஸ்கேன் கருவி ஏற்கெனவே நிற்கிறது. இல்லாதது குடலைப் பார்க்கும் பழக்கமும், சில இடங்களில் அதற்கான புரோபும் (வயிற்றின்மேல் வைத்து நகர்த்தும் ஸ்கேன் முனை)தான்.

புரோப் நேர்கோட்டு வகையாக, 10 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். எக்கோ புரோபில் குடல் சுவர் தெரியாது. ஜெல்லை வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள், 1000 கிராம் குழந்தை ஒரு கரண்டி குளிர்ந்த ஜெல்லில் வெப்பம் இழந்துவிடும். நான்கு பக்கமாக வயிற்றைப் பிரித்து வரிசையாகப் பாருங்கள். ஆரோக்கியமான பச்சிளங்குழந்தையின் குடல் சுவர் 1.1 முதல் 2.6 மி.மீ. நோயின் தொடக்கத்தில் சுவர் தடிக்கும், ரத்தம் அதிகமாகப் பாயும், டாப்ளரில் வளையம் முழுக்கச் சிவந்து தெரியும். செத்துக்கொண்டிருக்கும் சுவர் நேர் எதிர்: 1 மி.மீ-க்குக் கீழே மெலியும், நிறம் மறையும், நெளிவு நிற்கும். சுவர் தடித்திருந்தாலும் நிறம் இல்லையென்றால் அதுவும் கெட்ட செய்திதான். தடிப்பைப் பார்த்துப் பயந்து மெலிவைப் பார்த்து நிம்மதியடைபவர்களை நாங்கள் பார்க்கிறோம். தலைகீழாக இருக்க வேண்டும்.

'ஓட்டம் இல்லை' என்று சொல்லுமுன் கருவியைச் சரியாக வைக்க வேண்டும். வேக அளவை நொடிக்கு 5 செ.மீ-க்குக் கீழே இறக்குங்கள். வடிகட்டியைக் குறைந்தபட்சத்தில் வையுங்கள். கெய்னை (சமிக்ஞையைப் பெருக்கும் அளவு) படத்தில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் வரும்வரை ஏற்றி, அது மறையும் இடம்வரை இறக்குங்கள். புரோபை அழுத்தாதீர்கள், அழுத்தினால் நீங்களே ரத்தத்தை நிறுத்திவிடுவீர்கள். அதே அமைப்பில் பக்கத்தில் உள்ள நல்ல வளையத்தில் நிறம் வருகிறதா என்று பாருங்கள். அங்கே வந்து இங்கே வராவிட்டால்தான் அந்தக் கூற்றுக்கு மதிப்பு. அதிர்வு வென்டிலேட்டர் ஓடிக்கொண்டிருந்தால் திரை முழுக்க நிறம் அலையடிக்கும், ஒன்றும் படிக்க முடியாது; குழந்தை தாங்கும் என்றால் பொறுப்பு மருத்துவர் பக்கத்தில் நிற்க, சில நொடி நிறுத்திப் பாருங்கள். ரத்த அழுத்தம் மிகத் தாழ்ந்த குழந்தையில் எல்லா வளையத்திலும் நிறம் குறையும். அதைக் குடல் அழுகல் என்று எழுதக் கூடாது.

சுவருக்குள் காற்று ஸ்கேனில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். குடலின் உள்ளே இருக்கும் காற்று எப்போதும் மேல்பக்கம் மிதக்கும். கீழ்ச்சுவரிலும் புள்ளி தெரிந்து, அழுத்தினாலும் நகராவிட்டால் அது சுவருக்குள் இருக்கிறது. போர்ட்டல் சிரையில் ரத்தத்தோடு ஓடும் வெள்ளைப் பொட்டுகளை எக்ஸ்ரேக்கு முன்னாலேயே ஸ்கேன் பிடித்துவிடும். கடைசியாக வயிற்று நீர். தெளிந்த நீர் கொஞ்சம் இருப்பது பெரிய விஷயமில்லை. துகள் மிதக்கும், தடுப்புகள் உள்ள, ஒரு மூலையில் தேங்கிய நீர் ஓட்டையைச் சொல்கிறது, எக்ஸ்ரேயில் காற்றே இல்லாவிட்டாலும்.

இரவில் ஸ்கேன் பார்க்கச் சட்டம் இடம் தராது என்று சில இடங்களில் காரணம் சொல்லப்படுகிறது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு கருவியும், அதை இயக்கும் தகுதியுள்ள மருத்துவரும் பதிவில் இருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் 2012-இல் சேர்க்கப்பட்ட விதி, பதிவுசெய்த வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்குப் போர்ட்டபிள் கருவியைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவும் அதே வளாகம்தான். இரவுப் பணியில் வரும் மருத்துவர்களின் பெயர்களைப் பதிவில் சேர்க்கும் வேலையை நிர்வாகம் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். மனம் வைத்தால் போதும்.

அடுத்தது பச்சை வாந்தி. இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இழப்பு இங்கேதான் அதிகம். முதல் மாதத்துக் குழந்தை பச்சையாகக் கக்கினால், குடல் முறுக்கு இல்லை என்று நிரூபிக்கும்வரை அது அறுவை அவசரம். முறுக்கினால் முன்சிறுகுடலிலிருந்து பெருங்குடலின் பாதிவரை ஒரே ரத்தக்குழாயை நம்பியிருக்கும் மொத்தக் குடலும் சில மணிநேரத்தில் சாகும். எக்ஸ்ரே இயல்பாகவே இருக்கலாம், அதைக் காட்டி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. தொப்புளுக்கு மேலே புரோபைக் குறுக்காக வைத்து, மேலிருந்து கீழே மெதுவாக இறக்குங்கள். குடலுக்குப் போகும் பெரிய தமனியைச் சுற்றிச் சிரையும் குடலும் கடிகாரத் திசையில் சுழன்றால் முறுக்கு உறுதி. இயல்பாகச் சிரை தமனிக்கு வலப்பக்கம் இருக்கும்; இடம் மாறியிருந்தால் சந்தேகப்படுங்கள், மாறாமல் இருந்தாலும் நிம்மதி கொள்ளாதீர்கள். முன்சிறுகுடலின் மூன்றாம் பகுதி மகாதமனிக்கும் அந்தத் தமனிக்கும் நடுவே போகிறதா என்பது அதைவிட நல்ல சோதனை. சந்தேகம் நீங்காவிட்டால், நீரில் கரையும் கான்ட்ராஸ்ட் (படத்தில் குடலை வெள்ளையாகக் காட்டும் மருந்து) கொடுத்துப் பார்க்கும் படம். வயிறு இறுகி, அதிர்ச்சி நிலைக்குப் போகும் குழந்தையை அந்தப் படத்துக்காகக் காத்திருக்க வைக்காதீர்கள், ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புங்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். வயிறு உப்பிய குழந்தைக்கு உரம் விழுந்திருக்கிறது, குடலேற்றம் என்று எண்ணெய் போட்டு வயிற்றை உருவி எடுப்பது வடசென்னையிலும் உண்டு, மயிலாப்பூரிலும் உண்டு. எந்தக் குடும்பத்தையும் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. 'உரம் எடுத்தீங்களாம்மா? எப்ப?' என்று அமைதியாகக் கேட்டால், வாந்தி உண்மையில் எப்போது தொடங்கியது என்பது தெரிந்துவிடும். அதட்டிக் கேட்டால் 'இன்னிக்கு காலைலதான்' என்று பதில் வரும். நீங்கள் மணியைத் தவறாகக் கணக்கிடுவீர்கள்.

மூன்று மாதம் முதல் மூன்று வயதுவரை, விட்டுவிட்டுக் கதறி அழுது, நடுவில் துவண்டு கிடக்கும் குழந்தையில் குடல் செருகலை, அதாவது குடலின் ஒரு பகுதி அடுத்ததற்குள் நுழைந்துகொள்வதை, தேடுங்கள். வலது வயிற்றில் 2.5 செ.மீ-க்கு மேல் விட்டமுள்ள வளையத்துக்குள் வளையம். கண்டுபிடித்ததோடு ரிப்போர்ட் முடிந்துவிடுவதுதான் பிரச்சினை. செருகிய குடலில் டாப்ளர் நிறம் இருக்கிறதா, இரண்டு சுவருக்கும் நடுவில் நீர் அடைபட்டிருக்கிறதா என்பதையும் எழுத வேண்டும். நிறம் இல்லாமல் நீரும் அடைபட்டிருந்தால் குடல் நசிந்திருக்கும் வாய்ப்பு அதிகம், ஆசனவாய் வழியாக ஏற்றும் சலைனாலோ காற்றாலோ விடுவிப்பது கடினம். சர்ஜன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வயிற்றறைச் சவ்வின் அழற்சி, தேறாத அதிர்ச்சி நிலை, வெளிக்காற்று இவை இருந்தால் விடுவிக்கவே முயலக் கூடாது. முயலும்போது சலைன் பாட்டில் மேசையிலிருந்து சுமார் 100 செ.மீ. உயரம், காற்றென்றால் அழுத்தம் 120 மி.மீ. பாதரசத்தைத் தாண்டக் கூடாது, ஐ.வி. ஓடிக்கொண்டிருக்க வேண்டும், காற்று பயன்படுத்தினால் 18 கேஜ் ஊசி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குடல் கிழிந்து வயிறு திடீரென்று கல்லாக உப்பினால் மூச்சைக் காப்பாற்ற அந்த ஊசிதான்.

பெரிய குழந்தைகளில், முன்பு அறுவை நடந்த வயிற்றில், அடைப்பின் நடுவே ஒரு வளையம் இரு முனையிலும் மூடிக்கொள்ளும். இதற்கு சிடி ஸ்கேன் வேண்டும். வாய்வழி வெள்ளை மருந்து கொடுக்காதீர்கள். சுவர் ஒளிர்கிறதா இல்லையா என்பதை அது மறைத்துவிடும். சிரை வழியாகச் செலுத்தும் கான்ட்ராஸ்ட் கிலோவுக்கு 1.5 முதல் 2 மி.லி., ஒரே கட்டம், 60 முதல் 70 நொடியில். ஒளிராத சுவர், அந்த வளையத்தின் அடிக்கொழுப்பில் கலங்கல், சுழன்ற ரத்தக்குழாய்கள் மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் காத்திருக்க ஒன்றுமில்லை. அடிக்கடி தவறுவது, எல்லா வளையமும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிவதால். பக்கத்து நல்ல வளையத்தோடு ஒப்பிட்டால்தான் வித்தியாசம் புலப்படும்.

குட்டிக் காந்த உருண்டைகளை விழுங்கிய குழந்தைக்கு ஒரே கோணத்தில் எக்ஸ்ரே எடுக்காதீர்கள். ஒட்டிய இரண்டு காந்தம் நேர்ப்படத்தில் ஒன்றாகத் தெரியும். வெவ்வேறு வளையத்தில் இருக்கும் இரண்டு காந்தங்கள் சுவரை நடுவில் வைத்து நசுக்கிக் கொல்லும். பக்கவாட்டுப் படத்தில் இரண்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரிந்தால் அங்கே சிக்கியிருப்பது குடல் சுவராக இருக்கலாம்.

எதிர்த் திசையிலும் தவறு நேரும். கீமோதெரபி, ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தையில், வேறு எந்தத் தொந்தரவும் இல்லாமல் பெருங்குடல் சுவரில் குமிழ் குமிழாகக் காற்று தெரியலாம். சிரித்து விளையாடும், வயிறு மெத்தென்ற, லாக்டேட் இயல்பான குழந்தையின் வயிற்றை அதற்காகத் திறக்க வேண்டியதில்லை. குழந்தையைப் பார்க்காமல் படத்தை மட்டும் படித்தால் இரண்டு பக்கமும் இடறுவோம்.

உங்களிடம் நாங்கள் கேட்பது பெரிய செலவு பிடிப்பவை அல்ல. நெக் சந்தேகம் என்று ரிக்வெஸ்ட் வந்தால் இரண்டு கோணப் படம் நிலையான உத்தரவாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் டியூட்டி டாக்டர் கெஞ்சிக் கேட்கும்படி வைக்காதீர்கள். ரிப்போர்ட் படிவத்தில் 'ஃப்ரீ ஏர்' கட்டத்துக்கு மேலே ஐந்து வரியைச் சேருங்கள்: வளையங்கள் சமமா, முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் நகர்ந்திருக்கிறதா, சுவர்க் காற்று, போர்ட்டல் சிரைக் காற்று, காற்றின் அளவு கூடியதா குறைந்ததா. ஸ்கேன் ரிப்போர்ட்டில் சுவர் தடிமன் மி.மீ-இல், டாப்ளர் நிறம், நெளிவு, நீரின் தன்மை. ஒப்பிட முந்தைய படம் இல்லையென்றால் 'இல்லை' என்றே எழுதட்டும். அடுத்த ஷிப்டில் வருபவர் எதைத் தேட வேண்டும் என்பது அந்த வெற்றிடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

இடமாற்றம் குறித்து ஒன்று. பொன்னேரியிலிருந்தோ மதுராந்தகத்திலிருந்தோ 108-இல் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்பப்படும் குழந்தையோடு வருவது பெரும்பாலும் ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிலிமைப் பிடித்து எடுத்த வாட்ஸ்அப் படம். டியூப் லைட் பளபளப்பும் விரல் நிழலும் விழுந்த அந்தப் படத்தில் அசையாத வளையத்தை வேண்டுமானால் பார்க்கலாம். சுவரோரம் ஓடும் மெல்லிய கோட்டைப் பார்க்கவே முடியாது, வாட்ஸ்அப் சுருக்கும்போதே அது காணாமல் போய்விடும். எக்ஸ்ரே கருவியிலிருந்து டைகாம் கோப்பை (படத்தின் மூலக் கோப்பு) அப்படியே சிடியிலோ பென் டிரைவிலோ போட்டு அனுப்புங்கள், முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை. வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப முடியும் என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், குழந்தையின் பெயரை மறைத்து. கிளம்புமுன் இரைப்பைக்குள் போட்ட ரைல்ஸ் டியூபைத் திறந்து வையுங்கள், வழியெல்லாம் உறிஞ்சச் சொல்லுங்கள். சர்ஜனுக்குப் போன் செய்யும்போது முதலில் சொல்ல வேண்டியது எடை, பிறந்த வாரம், பச்சை வாந்தி தொடங்கிய மணி, கடைசி இரண்டு படத்தின் மணி, அவற்றுக்கு நடுவே மாறியது என்ன. 'ஃப்ரீ ஏர் இல்லை' என்பதை அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சென்னையில் குழந்தைகள் கதிரியலிலும் பச்சிளங்குழந்தை சிகிச்சையிலும் பணிபுரிபவர்கள்